ஆர்.சி. ரேஸ் கார் வாங்கும் முன் சஸ்பென்ஷன் ஆர்ம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். மோட்டார் ரீவைண்டிங் வேலை. கோயம்புத்தூர் கணபதியில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழகிய கை. இங்கே பைன்டவுன் பக்கம் ஒரு பட்டறையில் 12 வருஷமாகத் தொழிற்சாலை மோட்டார்களைப் பிரித்துச் சுற்றுகிறேன். ஞாயிறு வந்தால் அதே கை ஆர்.சி. கார்களைப் பிரிக்கும். ஆர்.சி. என்றால் ரேடியோ கன்ட்ரோல், ரிமோட்டில் ஓடும் ரேஸ் கார். பொம்மைக் கடையில் குழந்தைக்கு வாங்கித் தரும் கார் வேறு. இதில் ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் மாற்றலாம், டிஃபரன்ஷியலைப் பிரிக்கலாம், தேய்ந்த பல்சக்கரத்தை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம்.

ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கம்ப்யூட்டர் வேலையாக வந்திருக்கும் நம் ஊர்ப் பையன்கள் அடிக்கடி போன் செய்து, “அண்ணா, எந்த வண்டி வாங்கலாம்?” என்று கேட்கிறார்கள். போனில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. முழுசாக எழுதி வைத்துவிட்டால் அவர்களுக்கும் உதவும், எனக்கும் மனசு நிறையும்.

முதல் வண்டியை நான் வாங்கிய விதம் தப்பு. அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். இன்டர்நெட்டில் படம் பார்த்தேன். பாடியின் நிறம் பிடித்தது. பெட்டிமேல் அச்சடித்திருந்த வேகமும் பிடித்தது. பணம் கட்டி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். முதல் ஞாயிறு, மூன்றாவது ரவுண்டில், டிராக் ஓரத்துப் பைப்பில் முன் வலது சக்கரம் மோதியது. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கீழ் சஸ்பென்ஷன் ஆர்ம் இரண்டாக ஒடிந்தது. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். டர்பனில் எந்தக் கடையிலும் அது இல்லை. வெளியிலிருந்து ஆர்டர் போட்டேன். கூரியர் கட்டணம், கஸ்டம்ஸ், 15 சதவீத வாட் எல்லாம் சேர்ந்து துண்டின் விலையைவிடப் பல மடங்கு ஆனது. ஆறு வாரம் வண்டி அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அந்த ஆறு வாரமும் டிராக்குக்குப் போய் மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆர்ம் எல்லோருக்கும் ஒடிகிறது. பத்து நிமிஷத்தில் புதுசு மாட்டிக்கொண்டு அடுத்த ஹீட்டுக்கு, அதாவது அடுத்த ஓட்டத்துக்கு, வந்துவிடுகிறார்கள்.

அன்றிலிருந்து வண்டி கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒடிந்த துண்டை அன்றைக்கே, அந்த ஊரிலேயே வாங்கி மாட்ட முடிகிற வண்டியை வாங்குங்கள். வேகம், அழகு, பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

அதனால் பணத்தை வீட்டில் வைத்துவிட்டு, வெறும் கையோடு ஒரு ஞாயிறு டிராக்குக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் பேரனுக்கு 14 வயசு. அவன் கார் வேண்டும் என்று நின்றபோது, அந்த அக்கா என்னிடம் வந்து, “தம்பி, நீங்களே கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்து வாங்கிக் குடுங்க” என்றார்கள். கடைக்குப் போகாமல் நேரே டிராக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஒரு ஸ்கூல் நோட்டு கொடுத்து, “மேசை மேசையாகப் போய், யார் என்ன வண்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுது” என்றேன். பையனுக்கு முதலில் கூச்சம். இரண்டாவது மேசையிலேயே ஒரு பெரியவர் தன் வண்டியைத் திறந்து காட்ட ஆரம்பித்துவிட்டார். ஆர்.சி. ஓட்டுகிறவர்களிடம் வண்டியைப் பற்றிக் கேட்டால் போதும், நிறுத்த மாட்டார்கள். ஒரு மணி நேரத்தில் 17 வண்டி எழுதிக்கொண்டு வந்தான். அதில் 9 ஒரே கம்பெனியின் ஒரே சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். அந்த 9 பேரின் பெட்டியிலும் ஸ்பேர் ஆர்ம் இருந்தது. இனி யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த ஒரு நாளிலேயே கேட்டுவிட வேண்டிய இன்னொன்று, எந்த வகுப்பில், அதாவது ஒரே வகை வண்டிகள் சேர்ந்து ஓடும் பிரிவில், ஆள் இருக்கிறார்கள் என்பது. ஒரு வகுப்பில் மூன்றே வண்டி என்றால், ஒருவர் ஊருக்குப் போனாலும் ரேஸ் நடக்காது. ஏழெட்டு வண்டியாவது வழக்கமாக வரும் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டாக் என்ற வகுப்பில் மோட்டாரும் பேட்டரியும் எல்லோருக்கும் ஒரே அளவு என்று கட்டியிருப்பார்கள். புதுசாக வருபவருக்கு அதுதான் நல்ல இடம். பணம் உள்ளவர் வேகத்தை வாங்க முடியாது, கை பழகியவர் ஜெயிப்பார்.

டிராக்கின் தரை எதுவோ, வண்டியின் வகையும் அதுவே. தார் அல்லது சிமெண்ட் தரை என்றால் டூரிங் கார்: 1/10 அளவு (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு), 190 மில்லிமீட்டர் அகலம், தரையிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் உயரத்தில் ஓடும். நம் வீட்டுத் தெருவில் ஓட்டினால் ஒரு சின்னக் கல் போதும், அடியைக் கிழித்துவிடும். மண் டிராக் என்றால் பக்கி (திறந்த சக்கர ரேஸ் வண்டி), டிரக்கி (பெரிய சக்கரம் போட்ட பக்கி வகை), ஷார்ட் கோர்ஸ் டிரக் (சக்கரத்தைப் பாடி மூடிய டிரக்). தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்கும் ‘பக்கி’ என்றுதான் பெயர். கடையில் போய் பக்கி வேண்டும் என்று சொன்னால் ஒருமுறை பிக்கப் பாடி போட்ட டிரக்கை எடுத்து வைத்தார்கள். திறந்த சக்கர ரேஸ் வண்டிதான் வேண்டும் என்றால் அப்படியே விளக்கிச் சொல்லுங்கள். தார்த் தரை ஓட்டம் இந்த நாட்டுக்குப் புதிசில்லை. 2018-இல் 1/10 டூரிங் கார் உலக சாம்பியன்ஷிப்பே ஃப்ரீ ஸ்டேட்டின் தங்கச் சுரங்க ஊரான வெல்காமில்தான் நடந்தது. போர்ச்சுகல்காரர் ப்ரூனோ கோயெல்யோ ஜெயித்தார்.

பெரிய டிராக் தூரம், கையிலிருப்பது ஃபிளாட் ஹால்தான் என்றால் கியோஷோ கம்பெனியின் மினி-இசட் போன்ற 1/28 அளவு வண்டிகள் உண்டு. மினி-இசட் 1999-இலிருந்து வருகிறது. டி.வி. ரிமோட்டுக்குப் போடும் ஏஏஏ (AAA) செல் நான்கு போட்டால் ஓடும். அளவு உள்ளங்கைதான் என்றாலும் கையைப் பழக்குவதில் பெரிய வண்டிக்குக் குறைந்ததில்லை.

அளவைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். 1/10 எடுங்கள். 1/8 பெரியது, கனம், உறுதி. ஆனால் டயர் முதல் பேட்டரி வரை எல்லாமே விலை ஏறும், மோதினால் காலை உடைக்கும் கனமும் உண்டு. சக்கரத்தைப் பிடிக்கும் ஹெக்ஸ்கூட 1/10-க்கு 12 மில்லிமீட்டர், 1/8-க்கு 17 மில்லிமீட்டர். ஒன்றின் சக்கரம் மற்றதற்குச் சேராது.

பெட்ரோல் வண்டியா, பேட்டரி வண்டியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெட்ரோல் என்று சொன்னாலும் இந்த அளவு வண்டிகளில் உள்ளே போவது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த நைட்ரோ எரிபொருள். சத்தமும் புகையும் வாசனையும் ஆளை இழுக்கும். எனக்கும் ஆசை வந்தது, ஒரு வருஷம் ஓட்டினேன். 1/8 நைட்ரோ பக்கியின் டேங்க் 125 மில்லிதான் பிடிக்கும். ஃபைனலில் பத்து நிமிஷத்துக்குள் பிட்டுக்கு வந்து நிரப்ப வேண்டும். நிரப்ப ஒரு ஆள் வேண்டும். புது என்ஜினைப் பொறுமையாகப் பழக்கி ஓட்ட வேண்டும். இதெல்லாம் எந்த ஊரிலும் உண்டு. இந்த நாட்டில் கூடுதலாக ஒரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

டர்பன் கடல் மட்டம். ஜோஹன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி இங்கே இருப்பதில் ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் அதே எரிபொருள் அதிகமாகிவிடும், அதனால் அங்குள்ளவர்கள், என்ஜினுக்கு எரிபொருளை அளந்து விடும் நீடில் என்ற ஸ்க்ரூவை இறுக்கி எரிபொருளைக் குறைத்து ஓட்டுவார்கள். அந்த வண்டியை அப்படியே என்-3 ரோட்டில் கீழே கொண்டுவந்து டர்பனில் கிளப்பினால் காற்று அதிகம், எரிபொருள் பற்றாது, எண்ணெயும் எரிபொருளோடுதான் போகிறது என்பதால் அதுவும் பற்றாது. என்ஜின் கொதித்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். என் கண் முன்னால் ஒருவரின் என்ஜின் நாலாவது ரவுண்டில் இப்படிப் போனது. இறங்கி வந்ததும் நீடிலைத் திறந்து புகை நன்றாக வரும்வரை தளர்த்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். முதல் வண்டியிலேயே இந்தப் பாடு எதற்கு? பேட்டரி வண்டி வாங்குங்கள். அதுவும் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், காற்று மெல்லிசு என்பதால் மோட்டார் ஆறுவது குறைவு. ஒரு சின்ன ஃபேன் மாட்டினால் தீர்ந்தது.

இனி மோட்டார். இங்கே நான் கொஞ்சம் நின்று பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள், என் தொழில்.

பழைய வகையில் கார்பன் பிரஷும் கம்யூட்டேட்டரும் இருக்கும். மலிவு. வெள்ளி நிற டப்பாவாக வரும் 540 அளவு மோட்டாரில் கார்பன் தேய்ந்தால் மாற்ற வழியில்லை, மோட்டாரையே மாற்ற வேண்டும். ஆனாலும் தொடங்குகிறவருக்கு அது கெட்டதில்லை, வேகம் கைக்குள் நிற்கும். பிரஷ்லெஸ் வகையில் காயில் வெளியே நிற்கிறது, காந்தம் உள்ளே சுழல்கிறது, மூன்று ஃபேஸ். தொழிற்சாலையில் நான் சுற்றும் மோட்டாரின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்வதற்கு பேரிங் மட்டும்தான்.

பெட்டியில் 17.5, 13.5, 8.5 என்று எண் போட்டிருப்பார்கள். காயிலின் சுற்றுக் கணக்கு அது. புதிதாக வருபவர்கள் பெரிய எண் என்றால் பெரிய வேகம் என்று எடுத்துவிடுகிறார்கள். நேர் தலைகீழ். சுற்று குறைந்தால், மோட்டார் ஓடும்போது தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் குறைகிறது. அதனால் அதே பேட்டரியில் அதிக வேகத்துக்கு ஏறும், கம்பியும் தடிமனாகப் போடலாம், கரண்டும் அள்ளி இழுக்கும். 17.5 சுற்று அமைதியானது. பல ஊர்களிலும் ஸ்டாக் வகுப்புக்கு அதுதான். 8.5 சுற்றைப் புதியவர் கையில் கொடுத்தால் முதல் வளைவே கடைசி வளைவாகும்.

வேறு சில மோட்டாரில் சுற்றுக்குப் பதிலாக கே.வி. என்று எழுதியிருக்கும். ஒரு வோல்டுக்கு எத்தனை சுழற்சி என்று அர்த்தம். 3,500 கே.வி. மோட்டாரை 7.4 வோல்ட் பேட்டரியில் போட்டால், சுமை இல்லாமல் நிமிஷத்துக்கு 25,900 சுழற்சி. இந்தப் பெருக்கலைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள், பெட்டியில் போட்டிருக்கும் வேகம் எந்தப் பேட்டரிக்கு என்று புரியும். பாதிப் பெட்டிகளில் 3 செல் பேட்டரிக்கான வேகத்தைப் பெரிசாக அச்சடித்துவிட்டு உள்ளே அதைவிடச் சின்னதை வைத்திருப்பார்கள்.

சென்சார் உள்ள மோட்டார் வாங்குங்கள். உள்ளே இருக்கும் ஹால் சென்சார்கள் காந்தம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் ஸ்பீடு கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். சென்சார் இல்லாததில் கன்ட்ரோலர் ஊகித்துத்தான் கிளப்ப வேண்டும், அதனால் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது வண்டி உதறும். ரேஸில் ஒவ்வொரு இறுக்கமான வளைவும் கிட்டத்தட்ட நின்று புறப்படுவதுதான். ஸ்டாக் வகுப்பில், கரண்டை முன்கூட்டியே விட்டு வேகம் கூட்டும் கன்ட்ரோலரின் டைமிங்கைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் அதன் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், அதனால் அந்த விதிக்கே பிளிங்கி என்று பெயர். வாங்கும் கன்ட்ரோலரில் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பேட்டரியில், மினி-இசட் போன்ற சின்னதை விட்டுவிட்டால், இன்று ரேஸில் பெரும்பாலும் ஓடுவது லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர். ஒரு செல் 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2. 1/10 வண்டிக்கு 2 செல், கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்டது. 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 5 ஆம்பியரில் சார்ஜ் போட்டால் ஒரு மணி நேரம் சொச்சம் ஆகும். செல் 3 வோல்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும், கன்ட்ரோலரில் கட் ஆஃப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சமன் செய்யும் பேலன்ஸ் சார்ஜரே வாங்க வேண்டும். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நெருப்பு தாங்கும் பையில் வைத்து, நீங்கள் விழித்திருக்கும்போது, பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். உப்பின பேட்டரியை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

மின்வெட்டு எப்போது வரும் என்று தெரியாத நாட்களில் 12 வோல்ட் கார் பேட்டரியிலிருந்தும் சார்ஜ் போடும் சார்ஜர்தான் என்னைக் காப்பாற்றியது. டிராக்கில் கரண்ட் இல்லாவிட்டாலும் அதே உதவும். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் பேட்டரி கொண்டுவரச் சொன்னால், லிப்போ கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகளை டேப் ஒட்டி மூட வேண்டும். 5,000 மில்லி ஆம்பியர் மணி 2 செல் என்பது 37 வாட் மணிதான், விமானத்தில் பொதுவாக விடும் 100 வாட் மணிக்குள் அடங்கும்.

முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவுக்கு உலோகப் பல் உள்ளது வாங்குங்கள். ரிமோட்டை வண்டியோடு வருவதில் விட்டுவிடாமல், முடிந்தால் தனியாக நல்லதாக ஒன்று எடுங்கள். வண்டி பத்து மாறும், ரிமோட் ஒன்றே நிற்கும். பிஸ்டல் பிடி, 2.4 கிகாஹெர்ட்ஸ், பல வண்டிக்கான மெமரி இருந்தால் போதும். வாங்கியதும், சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃப்பை செட் செய்யுங்கள். வண்டியை ஒரு பெட்டிமேல் வைத்துச் சக்கரம் சுழலும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள், சக்கரம் நிற்க வேண்டும். நிற்காத வண்டியை மனிதர்கள் நிற்கும் இடத்தில் ஓட்டாதீர்கள்.

ஓட்டத் தயாராக வரும் வண்டியா, பிரித்துப் போட்ட கிட்டா? நேரம் இருந்தால் கிட். டாமியா கம்பெனியின் டிடி-02 போன்ற ஒன்றை உங்கள் கையால் கட்டிவிட்டால், பிறகு எது உடைந்தாலும் எங்கே கை வைப்பது என்று தெரியும். டாமியா 1976-இலேயே போர்ஷ் 934-ஐ ரேடியோ கன்ட்ரோலில் விற்ற கம்பெனி. அவர்களின் வரைபடத்தைப் பார்த்துப் பத்து வயசுப் பிள்ளையும் கட்டும். ஒரு எச்சரிக்கை. அந்த ஸ்க்ரூக்களின் கூட்டல் குறி ஜப்பான் அளவு. நம் வீட்டுச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராது, தலையை வழித்துவிடும். ஜப்பான் அளவு டிரைவர் ஒன்றை கிட்டோடு சேர்த்தே வாங்குங்கள். சில குறைந்த விலைக் கிட்டுகளில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் வரும். கட்டும்போதே பால் பேரிங் போட்டுவிடுங்கள், கட்டி முடித்த பிறகு அதற்காக முழுசாகப் பிரிப்பது இரட்டை வேலை.

மண் டிராக்கில், அதுவும் பையனுக்கு என்றால், டிராக்ஸஸ் ஸ்லாஷ் போன்ற ஷார்ட் கோர்ஸ் டிரக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டலாம். 2008-இலிருந்து ஓடுகிற வண்டி. சக்கரத்துக்கு வெளியே வரை பம்பரும் பாடியும் மூடியிருப்பதால், இடித்துக்கொண்டாலும் சக்கரத்தோடு சக்கரம் மாட்டிப் பறப்பது குறைவு. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்த வகையில்தான் வாங்கினோம், பழைய வண்டியாக.

பழைய வண்டி வாங்கவே பயப்படுகிறார்கள். பார்க்கத் தெரிந்தால் பயம் வேண்டாம். நான் போகும்போது ஒரு அடி நீளக் கண்ணாடித் துண்டு எடுத்துப் போவேன், ஓரம் தேய்த்தது. பையனுக்கு வண்டி பார்க்க டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு வீட்டுக்குப் போனோம். விற்றவர் பாடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். பாடியைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னேன். சக்கரம் நான்கையும் எடுத்துவிட்டு, சேஸிஸைக் கண்ணாடிமேல் வைத்து ஒவ்வொரு மூலையையும் விரலால் தட்டினேன். டக் டக் என்று ஒரு மூலை ஆடினால் சேஸிஸ் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். ஆடவில்லை. பிறகு சக்கரத்தை மாட்டி, பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன். முன் இடது சக்கரம் நிறையவே ஆடியது. பேரிங்கா, ஆர்ம் பின்னின் ஓட்டையா என்று விரல் வைத்துப் பார்த்தால், பின் ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. ஆர்ம் மாற்ற வேண்டும், அதற்கு விலையில் குறைத்துக் கேட்டோம். மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பரைப் பிடித்துக்கொண்டு ஒரு பின் சக்கரத்தைச் சுழற்றினேன். மற்றது எதிர்ப்பக்கம் மெதுவாக, தடையில்லாமல் சுழன்றது. டிஃபரன்ஷியல் நன்றாக இருக்கிறது. இடையில் கரகரவென்றால் உள்ளே பல் போயிருக்கும்.

கடைசியாக மோட்டார். மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை விரலால் திருப்பினேன். பிரஷ்லெஸ் என்றால் காந்தம் படி படியாக இழுக்கும், எல்லாப் படியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இது பிரஷ் மோட்டார், காந்த இழுப்போடு பிரஷின் மெல்லிய உரசலும் தெரிய வேண்டும், தெரிந்தது. பிறகு காற்று ஓட்டையில் மூக்கை வைத்து மோந்தேன். எரிந்த வார்னிஷின் வாசனை எங்கள் பட்டறையில் தினமும் வருவது, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் தீய்ந்த சர்க்கரை. ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்காது. அந்த வாசனை இருந்தால் மோட்டாருக்குக் காசு கொடுக்காதீர்கள். இதில் இல்லை. பையன் பக்கத்தில் நின்று தானும் மோந்து பார்த்தான். பேட்டரியும் சார்ஜரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை மட்டும் எடுத்தோம். பேட்டரியை எப்போதும் புதிதாகவே வாங்குங்கள்.

கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குப் போடாதீர்கள். மீதியில் சார்ஜர், இரண்டு பேட்டரி, டயர் ஒரு செட், 1.5, 2, 2.5 மில்லிமீட்டர் ஹெக்ஸ் டிரைவர், பிறகு ஸ்பேர். ஸ்பேரில் முதலில் வாங்க வேண்டியது முன் கீழ் ஆர்ம் இரண்டு பக்கத்துக்கும், முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் ஸ்டீரிங் நக்கிள், ஸ்பர் பல்சக்கரம் ஒன்று, பினியன் இரண்டு அளவில். அலுமினிய ஆர்ம் போட்டால் ஒடியாதே என்று கேட்பார்கள். ஆர்ம் ஒடியாவிட்டால் அடி உள்ளே போகும், அதைவிட விலையான பாகம் போகும். ஆர்ம் ஒடிவதே நல்லது.

டயரைப் பற்றி ஊருக்கு ஊர் சொல்வது மாறும். எங்கள் டிராக்கில் மழை மாதங்களில் காலையில் மண் ஈரமாகக் கறுத்துக் கிடக்கும், மதியம் ஒரு மணிக்குத் தூளாகப் பறக்கும். காலையில் நன்றாக இருந்த டயர் மதியம் வழுக்கும். அதற்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. அங்கே ஜெயிக்கிறவர் எந்த டயர் போட்டிருக்கிறார் என்று பார்த்து அதையே வாங்குங்கள். கடற்கரை மணலில் மட்டும் ஓட்டாதீர்கள். உப்பும் மணலும் பேரிங்குக்குள் போனால் ஒரு வாரத்தில் துருப்பிடித்து நிற்கும்.

பல்சக்கர இடைவெளி சரியாக வைக்காததால் போகும் ஸ்பர் ஏராளம். நோட்டுப் பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை நெருக்கி ஸ்க்ரூவை இறுக்குங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பேப்பரை வெளியே எடுத்துப் பாருங்கள். பல்லின் தடம் மடிப்பு மடிப்பாக விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்தால் இறுக்கம், தடமே இல்லாவிட்டால் தளர்வு. ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து மோட்டாரின் சூட்டைப் பாருங்கள். 70 டிகிரிக்கு மேல் போனால் ஒரு பல் குறைந்த பினியன் போடுங்கள். சூடு அளவு மீறினால் உள்ளே இருக்கும் காந்தம் பலம் இழக்கும், அது முழுசாகத் திரும்ப வராது.

முதல் ரேஸ் நாளில் உங்கள் ஹீட் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். அடுத்த ஹீட்டுக்கு நீங்கள்தான் மார்ஷல், கவிழ்ந்த வண்டியைத் திருப்பி விட வேண்டும். வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் குனியுங்கள். ரவுண்டு எண்ணும் டிரான்ஸ்பாண்டரை டிராக்கிலேயே வாடகைக்குத் தருகிறார்களா என்று முன்பே கேளுங்கள், முதல் மாதமே சொந்தமாக வாங்க வேண்டியதில்லை.

பையனின் முதல் ரேஸில் இரண்டாவது ஹீட்டிலேயே முன் இடது ஆர்ம் ஒடிந்தது. புதிதாகப் போட்ட அதே ஆர்ம். என்னைத் திரும்பிப் பார்த்தான். “பெட்டியில் இருக்கு, எடு” என்றேன். பின்னைத் தள்ளி, இரண்டு ஸ்க்ரூ கழற்றி, புதுசை மாட்ட 12 நிமிஷம் ஆனது, கை நடுங்கியது. மூன்றாவது ஹீட்டில் கடைசிக்கு முன்னால் வந்தான். வீட்டுக்கு வந்து பிரஷால் மண்ணைத் தட்டி, பேரிங்குகளைத் துடைத்து, பேட்டரியை ஸ்டோரேஜ் மோடில் செல்லுக்கு 3.8 வோல்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான். திங்கள்கிழமை பள்ளி விட்டதும் எனக்குப் போன்: “அங்கிள், இன்னும் ரெண்டு ஆர்ம் வாங்கி வெச்சுக்கலாமா?”